கோல்ட்ஸ் நெக் வீட்டில் பிறந்த பாடல்கள்

ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாட்டு எழுதினால் மணிக்கு மணி வாடகை ஏறும். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு அது அலுத்துப்போயிருந்தது. 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் படுக்கையறையிலேயே மாதிரிப் பதிவுகளைச் செய்தார். நாலு தடம் கொண்ட டியாக் கேசட் கருவி, இரண்டு மைக், ஒரு கிதார், மவுத் ஆர்கன். ஏறக்குறைய அவ்வளவுதான்.

எழுத்துதான் பெரும்பாடு. 1958இல் நெப்ராஸ்காவில் தொடர்கொலை செய்த சார்லஸ் ஸ்டார்க்வெதரைப் பற்றிய பாடலுக்கு முதலில் அவன் பெயரையே வைத்திருந்தார். ‘அவன்’ என்று எழுதியதைப் பிறகு ‘நான்’ என்று மாற்றினார். கொலைகாரனே பேசத் தொடங்கியதும் பாட்டுக்கு உயிர் வந்தது. பிளானரி ஓ’கானரின் சிறுகதைகளை அவர் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. அக்கதைகளின் இருட்டு அவருடைய வரிகளில் தெரிகிறது.

பிறகு சறுக்கல். அதே பாடல்களை முழு இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தார்கள். வீட்டுப் பதிவில் இருந்த தனிமை காணாமல்போனது. கடைசியில், உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் சுமந்த கேசட்டையே வெளியிட முடிவு செய்தார். வீட்டுப் பதிவு என்பதால் அதை இசைத்தட்டாக்குவதும் லேசான வேலையாக இல்லை.

பத்துப் பாடல்களுடன் ‘நெப்ராஸ்கா’ என்ற தொகுப்பு 1982 செப்டம்பர் 30இல் வந்தது. ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ பாடலையும் அதே அறையில் பதிந்திருந்தார். அது 1984இல் இசைக்குழுவின் முழக்கத்தோடு வெளியாகி உலகெங்கும் ஒலித்தது. ஆனாலும், வரிகளின் வலிமையில் ‘நெப்ராஸ்கா’தான் அவருடைய ஆகச் சிறந்த தொகுப்பு.