கனமற்ற கவசம்: முத்துக்குளித்துறையின் வேடங்கள் குறித்து

கவசம் வடமொழிச் சொல். அதற்கு ஈடாகத் தமிழில் 'மெய்ம்மறை' என்ற பழஞ்சொல் உண்டு. பதிற்றுப்பத்து இச்சொல்லை மன்னனைக் குறிக்கவே பயன்படுத்துகிறது. வீரர்களுக்கு முன்நின்று காப்பவன் என்பதால் சேர மன்னனே அவர்களுக்கு மெய்ம்மறை. ஆக, கவசம் என்பது இரும்பாகவோ தோலாகவோதான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் நம் மரபில் தொடக்கத்திலிருந்தே இல்லை. மன்னன் கவசமாகலாம், கந்த சஷ்டி கவசத்தைப் போல ஒரு பாடலும் கவசமாகலாம். தூத்துக்குடிக் கடற்கரையின் வரலாற்றைப் பார்த்தால் இந்த எண்ணம் இன்னும் தெளிவாகிறது.

முத்துக்குளிப்பவன் கடலில் இறங்கும்போது அவன் உடலில் எந்தக் காப்பும் இருந்ததில்லை. காலில் ஒரு கல், இடுப்பில் ஒரு கயிறு, சிப்பிகளைச் சேர்க்க ஒரு வலைப்பை. சுறாவின் பல்லுக்கு எதிராக அவன் நம்பியது கரையில் நின்று மந்திரம் சொல்லும் கடல்கட்டியை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மீன்களைக் கட்டும் இம்மந்திரக்காரர்களுக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு ஊதியமாகத் தரப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் பரதவர் கத்தோலிக்கராக மாறிய பின்னும் இவ்வழக்கம் தொடர்ந்தது. டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும்கூட இவர்களை விலக்கத் துணியவில்லை. கடல்கட்டி இல்லையென்றால் குளியாளிகள் கடலில் இறங்க மறுத்தார்கள் என்பதே காரணம். எடையே இல்லாத அந்தக் கவசத்துக்கு அரசுகள் விலை கொடுத்தன. 1961க்குப் பிறகு இக்கடலில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு நடக்கவில்லை, கடல்கட்டியும் நினைவாகிப்போனார்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் கவசம் ஒன்று இதே கரையில் ஆண்டுதோறும் அணியப்படுகிறது. திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில், முத்தாரம்மன் கோயில் தசரா விழாவில் பல்லாயிரக்கணக்கானோர் வேடம் புனைகிறார்கள். முத்து என்ற சொல் கடல் முத்தையும் குறிக்கும், அம்மைக் கொப்புளத்தையும் குறிக்கும். அம்மை முத்துகளை ஆற்றுபவள் என்று அம்மன் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். நோய் தீரவும் குறை நீங்கவும் நேர்ந்துகொண்டு, விரதமிருந்து, காப்புக் கட்டி, காளி, குறவன், குறத்தி, ராஜா, குரங்கு, பிச்சைக்காரன் என ஏதேனும் ஒரு வேடமணிந்து, ஊர் ஊராகச் சென்று காணிக்கை திரட்டி, அதை அம்மன் சன்னிதியில் செலுத்துவது வழக்கம். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அங்கே மகிஷாசூரனும் தலை மாற்றி மாற்றித்தான் போரிடுகிறான். அவனுக்கும் உருவம் என்பது ஒரு வேடமே.

வேடங்களில் கடினமானது காளி. தீச்சுடர்கள் எழும் கிரீடம், சடைமுடி, கோரைப்பல், வெளியே நீண்ட நாக்கு, முதுகில் பொருத்திய கூடுதல் கைகள், மார்பணி என அனைத்தையும் சுமந்து வெயிலில் நடக்கவேண்டும். ஆகவே இவ்வேடத்தின் வரலாறு எடையைக் குறைக்கும் வரலாறாகவும் இருக்கிறது.

இந்தத் தேடல் குலசைக்கு மட்டும் உரியதன்று. வடதமிழ்நாட்டுக் கூத்துக்குக் 'கட்டைக்கூத்து' என்ற பெயரே அதன் மர அணிகளால் வந்தது. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவற்றைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டுவார்கள். அந்த மரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அது எடை குறைந்தது என்பதே. அதைவிட இலகுவானது நெட்டி. நீர்நிலைகளில் வளரும் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் அந்த வெண்மையான சோற்றை, இயற்கை தந்த ஃபோம் என்றே சொல்லலாம். வங்காளத்தில் துர்க்கையின் கிரீடமும் அணிகளும் நெட்டியில் உருவாகின்றன. வெள்ளைக்காரத் துரைகள் வெயிலுக்கு அணிந்த தொப்பியும் நெட்டியால் ஆனதே. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நாடக மேடை வேறொரு வழியில் சென்றது. பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் வெல்வெட்டும் ஜரிகையும் மன்னர்களின் மார்பை மூடின. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியில் பிறந்தவர். எமன், சனீஸ்வரன், இரணியன், இராவணன் ஆகிய வேடங்களில் புகழ்பெற்றவர். அவருடைய சனீஸ்வர வேடத்தை விடியற்காலையில் தனியே எதிர்கொண்ட ஒரு பெண் அஞ்சி உயிர்விட்டதாகவும், அதன்பின் அவர் நடிப்பதை விட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. உண்மை எதுவானாலும், வேடத்தை வெறும் ஒப்பனையாக இம்மண் கருதவில்லை என்பதற்கு அக்கதையே சான்று.

இன்று அட்டையும் தெர்மோகோலும் ஃபோம் தாளும் மரத்தின் இடத்துக்கு வந்துவிட்டன. உலகின் மறுபுறத்தில் 'காஸ்ப்ளே' என்ற பொழுதுபோக்கு இதே பொருளை ஒரு நுட்பமான கலையாக வளர்த்திருக்கிறது. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மனும் மர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதரின் உடையில் வந்தார்கள். 1980களில் ஜப்பானில் 'காஸ்ப்ளே' என்ற பெயர் பிறந்தது. இக்கலைஞர்கள் பயன்படுத்தும் ஈ.வி.ஏ. ஃபோம், நம் செருப்பின் அடிப்பாகத்தில் இருக்கும் அதே பொருள்தான். காகிதத்தில் அளவு வரைந்து, கூரிய கத்தியால் சாய்வாக வெட்டி, வெப்பக்காற்றில் இளக்கி, முழங்காலில் வைத்து வளைத்தால் ஆறியபின் அந்த வளைவு நிற்கும். பசை தடவிச் சற்று உலரவிட்டு ஒட்டவேண்டும். வண்ணத்தை ஃபோம் உறிஞ்சாதிருக்க முதலில் ஒரு பூச்சு; பிறகு கறுப்பு அடித்து, மேடான இடங்களில் மட்டும் வெள்ளி தேய்த்தால், பல போர் கண்ட இரும்பு என்றே கண் நம்பும்.

இரண்டுக்கும் கருவி ஒன்று, நோக்கம் வேறு. காஸ்ப்ளேயில் பார்ப்பவர் 'அப்படியே இருக்கிறது' என்று வியந்தால் செய்தவர் வென்றார். குலசையில் கிரீடம் கோணலாக இருந்தாலும் எதிரே வருபவர் 'அம்மா' என்று அழைத்துத் திருநீறு கேட்கிறார். ஒப்புமை அங்கே அளவுகோல் அல்ல, விரதமே அளவுகோல்.

இலகுவான பொருளுக்கு வேறொரு காரணமும் சேர்ந்துவிட்டது. விழாக்கூட்டத்தில் உலோக ஆயுதங்களைக் கொண்டுவரக் காவல்துறை பல ஆண்டுகளாகத் தடை விதித்துவருகிறது. இரும்புச் சூலம் போய் அட்டைச் சூலம் வந்ததைச் சிலர் பக்திக் குறைவாகக் காணலாம். நான் அவ்வாறு கருதவில்லை. எடை குறைந்ததால்தான் தொழில்முறைக் கூத்தரைப் போன்ற பயிற்சி இல்லாதவரும், உடல்வலு குறைந்தவரும், சிறுவரும் வேடமணிய முடிகிறது. சூலம் குத்துவதற்காக ஏந்தப்படவில்லை என்கிறபோது அது இரும்பாக இருக்கத் தேவையென்ன?

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. கூத்தர்கள் தம் கிரீடத்தைத் தாமே செதுக்கிக்கொண்டார்கள். அது பழுதானால் செப்பனிட்டு அடுத்த தலைமுறைக்கும் கொடுத்தார்கள். கடையில் வாங்கிய தெர்மோகோல் கிரீடம் மறுநாள் கடலோரத்தில் நொறுங்கிக் கிடந்தால், மண்ணில் மக்காது, கடலுக்குள் போகும். ஒருகாலத்தில் முத்துச்சிப்பி விளைந்த கடல் அது. பொருள் இலகுவானதில் தவறில்லை. செய்பவரின் கையும் கரையின் மீதான பொறுப்பும் அதோடு சேர்ந்து இலகுவாகிவிடக் கூடாது. நெட்டியும் கல்யாண முருங்கையும் ஃபோமுக்கு முன்பே கனமின்மையை அறிந்திருந்தன, மக்கவும் அறிந்திருந்தன. வேடம் கட்டுவோர் அவற்றை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம்.