ரம்பத்துக்குப் பலகையா, பலகைக்கு ரம்பமா?

போன வாரம் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். சின்னதா ஃபர்னிச்சர் பட்டறை வச்சிருக்கான். அவனும் ஒரு உதவியாளும்தான். "டிராக் சா வாங்கணும்டா. எதுல வாட்ஸ் அதிகம்னு பார்த்துச் சொல்லு"ன்னான். பொட்டி தட்டுறவனுக்கு ரம்பத்தைப் பத்தி என்ன தெரியும்? கேட்டுட்டானேன்னு தோண்டினேன். ஒரு நூற்றாண்டுக் கதை சிக்கிச்சு. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன் :-)

ஜெர்மனியில 1906-ல் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் ஒரு மேசை ரம்பம் செஞ்சார். பலகையைத் தள்ளுமேசையில வச்சு, ரம்பத்தை நோக்கித் தள்ளணும். இன்னிக்கும் பெரிய தொழிற்கூடங்கள்ல இருக்குற பேனல் சா இதோட வாரிசுதான். வெட்டு அருமையா வரும். ஆனா அதுக்கே ஒரு ஹால் வேணும்.

அப்புறம் பிளைவுட், துகள்பலகை எல்லாம் பரவிச்சு. எட்டுக்கு நாலு ஷீட், அதாவது 2440 x 1220 மி.மீ. 18 மி.மீ. கனத்துல ஒண்ணே 30 கிலோ கிட்ட வரும். அதைத் தூக்கி மேசை ரம்பத்துல நேராத் தள்ள ரெண்டு பேர் வேணும். கொஞ்சம் கோணினா ஷீட்டும் போச்சு, சமயத்துல விரலும் போச்சு.

கையில பிடிக்கிற வட்ட ரம்பம் 1920-கள்லயே அமெரிக்காவுல வந்துடுச்சு. எங்க வேணா தூக்கிட்டுப் போகலாம், ஆனா நேர்கோடு வராது. இந்த ரெண்டையும் முடிச்சுப் போட்டது ஜெர்மனியின் ஃபெஸ்டோ. 1962-ல் கைரம்பத்துக்கு ஒரு தண்டவாளம் கொடுத்தாங்க. பலகை படுத்திருக்கும், ரம்பம் அது மேல ஓடும். அவ்வளவுதான் விஷயம், ஆனா மொத்தக் கணக்கும் தலைகீழாச்சு. அந்தக் கருவிப் பிரிவுதான் 2000-ல் தனியாப் பிரிஞ்ச ஃபெஸ்டூல். 2000-களின் பிற்பகுதியில மகிட்டா, டீவால்ட் எல்லாம் களத்துல குதிச்சாங்க.

இங்கதான் நண்பனுக்கான பதில் இருக்கு. கண்டுபிடிப்பு மோட்டார்ல இல்ல, தண்டவாளத்துலதான். மகிட்டா ரம்பம் ஃபெஸ்டூல் தண்டவாளத்துல ஓடும். பாஷும் மாஃபெலும் ஒரே வகைத் தண்டவாளம். டீவால்ட் தனி வழி. நம்ம பாஷையில சொன்னா இன்டர்ஃபேஸ் முக்கியம், அதுக்குப் பின்னால இருக்குற கோடு எப்ப வேணா மாறும்.

இன்னொண்ணு. தண்டவாள ஓரத்துல ஒரு ரப்பர் பட்டை இருக்கும். முதல் ஓட்டத்துல உங்க ரம்பமே அதைச் சீவிக்கும். அப்புறம் பட்டையோட விளிம்புதான் வெட்டுக்கோடு. பென்சில் கோட்டுல அதை வச்சு ஓட்டினா சன்மைக்கா சிலும்பு எழும்பாது. வேற ரம்பத்தை அதே தண்டவாளத்துல ஏத்தினா அந்தக் கோடு கொஞ்சம் மாறலாம். அப்ப புதுப் பட்டை ஒட்டணும்.

நீளமும் பாருங்க. குறுக்குவெட்டு 1220-க்கு 1400 மி.மீ. தண்டவாளம் போதும். நெடுக்குவெட்டு 2440-க்கு ரெண்டு 1400-ஐ இணைக்கணும். இணைப்பு நேரா இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பட்டை வச்சுப் பார்க்கணும், இல்லேன்னா அலமாரிக் கதவுல இடைவெளி தெரியும்.

"பட்ஜெட்டுல முதல்ல தண்டவாளத்துக்கு ஒதுக்கு, மிச்சத்துல ரம்பம்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்ப ஷீட்டைத் தரையில போட்டே அறுக்கலாமா?"ன்னான். அடியில தெர்மாக்கோல் போட்டு அறுக்கலாம்னேன். "ரெண்டு வருஷமா இடுப்பு வலிடா"ன்னான்.

வாட்ஸைப் பத்தி அப்புறம் அவன் கேக்கவேயில்ல.