டுபாயில் விரல் போனது, நட்டஈடு குறைந்தது: மேன்முறையீட்டுக்கு 15 வேலை நாட்கள்

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் டுபாயில் இயந்திரத்தில் கை அகப்பட்டு இரண்டு விரல்களை இழந்தார். அமைச்சு தீர்மானித்த தொகை போதாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் முதலில் மனேஜரோடு பேசிப் பார்ப்போம் என்று இருந்துவிட்டார். ஊருக்கு வந்து என்னிடம் கடதாசிகளைக் காட்டியபோது காலக்கெடு முடிந்திருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு வைத்தியச் செலவு தொழில்தருநருடையது. சிகிச்சைக் காலத்தில் ஆறு மாதம் வரை முழுச் சம்பளம், தொடர்ந்து ஆறு மாதம் அரைச் சம்பளம். மரணத்துக்கும் முழுமையான நிரந்தர இயலாமைக்கும் 24 மாத அடிப்படைச் சம்பளம். 18,000 திர்ஹத்துக்குக் குறையாமல், 200,000க்கு மேற்படாமல். விரல், கண் போன்ற பகுதி இழப்புக்கு அதில் ஒரு வீதம். அடிப்படைச் சம்பளம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மாதம் 1,800 கையில் வாங்கினாலும் ஒப்பந்தத்தில் அடிப்படை 1,000 என்றிருந்தால், கணக்கு 24,000இல்தான் தொடங்கும்.

நம்மவர்களின் கோரிக்கைகள் பெரும்பாலும் 50,000 திர்ஹத்துக்குள் அடங்குவது இதனாலேயே. அந்த எல்லைக்குள் 2024 முதல் மனிதவள அமைச்சே தீர்ப்புச் சொல்கிறது. அதற்கு எதிராக, அறிவித்தல் கிடைத்ததிலிருந்து 15 வேலை நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம். முதலில் இது மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்தது. 2024 ஓகஸ்ட் இறுதியிலிருந்து முதல்நிலை நீதிமன்றம். பழைய முகநூல் பதிவுகளை நம்பி இடம் மாறிப் போகாதீர்கள். வழக்கு 30 வேலை நாட்களில் தீர வேண்டும். அந்தத் தீர்ப்பே இறுதியானது. கோரிக்கை 100,000 திர்ஹத்துக்கு மேற்படாவிட்டால் தொழிலாளிக்கு நீதிமன்றக் கட்டணமில்லை.

ஒரு சிக்கல் உண்டு. வழக்குப் போட்டதும் அமைச்சின் தீர்மானம் நிறுத்தி வைக்கப்படும்; கிடைக்கவிருந்த சிறு தொகையும் தாமதமாகும். வீட்டில் கடன் இருந்தால் அதையும் யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

50,000க்கு மேற்பட்டால் பாதை வேறு: இணக்கம் வராவிடில் அமைச்சு நீதிமன்றத்துக்கு அனுப்பும். வீட்டுப் பணிப்பெண்களுக்குத் தனிச் சட்டம். நமது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து சென்றவரின் காப்புறுதி இவற்றிலிருந்து வேறானது, அதையும் தனியாகக் கேளுங்கள்.

அரபியில் எழுதிய கடதாசியில், அது என்னவென்று ஒருவர் வாசித்துச் சொல்லாமல் கையொப்பமிட வேண்டாம். என் மாணவர் ஒப்பமிட்டிருந்தார். “எல்லாம் பெற்றுக்கொண்டேன்” என்பதுதான் அதில் இருந்தது.