சிறிய எஸ்.யு.வி. வாங்கும் முன்: அத்திவா, எக்ஸ்50, டபிள்யூஆர்-வி ஓர் ஒப்பீடு

ஒரு காலத்தில் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் ஒரு கஞ்சில் நின்றாலே, அந்த வீட்டில் ஒருவருக்கு நிலையான வேலை இருக்கிறது என்று பொருள். 1994-இல் வந்த அந்தச் சிறிய கார்தான் பல குடும்பங்களுக்கு முதல் கார். இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் காட்சியறைக்குள் நுழைந்தால், கண் போவது உயரமாக நிற்கும் எஸ்.யு.வி. வகைக் கார்களின் பக்கம்தான்.

அதில் தவறில்லை. முழங்கால் வலியுள்ள பாட்டி குனியாமல் ஏறி அமரலாம். பள்ளம் மேடான செம்மண் சாலையில் அடிப்பாகம் உரசாது. ஆனால் காட்சியறையில் பிடித்துப்போன காருக்கு வீட்டில் 9 ஆண்டுகள் தவணை கட்ட வேண்டியிருக்கும். அதனால் மலேசியச் சந்தையில் நடுத்தரக் குடும்பங்கள் அதிகம் கேட்டு விசாரிக்கும் மூன்று கார்களை, விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, குடும்பக் கணக்கோடு வைத்துப் பார்ப்பது நல்லது.

மூன்று கார்கள், மூன்று விலைகள்

பெரோடுவா அத்திவா 2021 மார்ச் மாதம் அறிமுகமானது. டைஹாட்சு ராக்கி, டொயோட்டா ரைஸ் ஆகிய கார்களின் உடன்பிறப்பு இது. 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ இயந்திரம். 98 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர் இழுவிசை. காப்புறுதி இல்லாமல் இதன் விலை ஏறக்குறைய 62,500 ரிங்கிட்டில் தொடங்கி 73,400 ரிங்கிட் வரை போகிறது.

புரோட்டோன் எக்ஸ்50, 2020 அக்டோபரில் வந்தது. சீனாவின் ஜீலி நிறுவனத்தின் பின்யூ காரை அடிப்படையாகக் கொண்டது. தஞ்சோங் மாலிம் ஆலையில் தயாராகிறது. முதலில் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ இயந்திரத்தோடு விற்கப்பட்டது. 2025 ஜூலையில் வந்த புதிய வடிவத்தில் நான்கு சிலிண்டர் இயந்திரம் பொருத்தப்பட்டது. 181 குதிரைத்திறன், 290 நியூட்டன் மீட்டர். விலை ஏறக்குறைய 89,800 ரிங்கிட்டில் தொடங்குகிறது.

ஹோண்டா டபிள்யூஆர்-வி 2023 ஜூலையில் வந்தது. டர்போ இல்லாத 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் இயந்திரம். 121 குதிரைத்திறன், 145 நியூட்டன் மீட்டர். அறிமுக விலை 89,900 முதல் 107,900 ரிங்கிட் வரை.

தள்ளுபடி, கையிருப்பு ஆகியவற்றைப் பொறுத்து விலை மாறும். எனவே கையெழுத்திடும் நாளில் எழுத்து வடிவில் விலைப்பட்டியல் கேட்டு வாங்குவது அவசியம்.

தவணையில் ஒளிந்திருக்கும் விலை

அத்திவாவின் நடு வகை 67,300 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு முன்பணம் 6,730 ரிங்கிட் போக, வங்கிக் கடன் 60,570 ரிங்கிட். ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி, 9 ஆண்டுகள் என்றால் வட்டி மட்டும் 16,354 ரிங்கிட். மாதத் தவணை சுமார் 712 ரிங்கிட்.

அதே கணக்கை 89,800 ரிங்கிட் எக்ஸ்50-க்குப் போட்டால், கடன் 80,820 ரிங்கிட், வட்டி 21,821 ரிங்கிட், மாதத் தவணை சுமார் 950 ரிங்கிட். விலைப்பட்டியலில் இரண்டுக்கும் இடையே 22,500 ரிங்கிட் வேறுபாடு. கடன் முடியும்போது, முன்பணத்தையும் சேர்த்து, அந்த வேறுபாடு ஏறக்குறைய 28,000 ரிங்கிட் ஆகிவிடுகிறது. டபிள்யூஆர்-வியின் தொடக்க வகைக்கும் கிட்டத்தட்ட இதே தவணைதான் வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். '3 விழுக்காடு' என்பது முழுக் கடனுக்கும் 9 ஆண்டுகளுக்கும் போடப்படும் வட்டி. மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டிக் கணக்கு குறைவதில்லை. உண்மையில் அது ஆண்டுக்கு சுமார் 5.5 விழுக்காடு வட்டிக்குச் சமம். '3 விழுக்காடுதானே' என்று விற்பனை முகவர் சொல்லும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதே அத்திவாவை 7 ஆண்டுக் கடனில் வாங்கினால் தவணை சுமார் 873 ரிங்கிட் ஆகும். வட்டியில் 3,634 ரிங்கிட் மிச்சமாகும். 7 ஆண்டுத் தவணையைக் கட்ட முடியாத கார், அந்தக் குடும்பத்திற்கு ஒரு படி பெரிய கார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உத்தரவாதம் 5 ஆண்டு, கடன் 9 ஆண்டு

பெரோடுவாவும் புரோட்டோனும் 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. ஹோண்டா 5 ஆண்டு, கிலோமீட்டர் வரம்பில்லாமல் தருகிறது. 9 ஆண்டுக் கடனில் கடைசி 4 ஆண்டுகள் தவணையும் ஓடும். பழுது வந்தால் அந்தச் செலவும் சொந்தப் பணத்தில்தான்.

அந்த 4 ஆண்டுகளில்தான் இயந்திர வகையின் வேறுபாடு தெரியவரும். டர்போ இயந்திரத்துக்கு, நிறுவனம் சொன்ன தர எண்ணெயை உரிய காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். எக்ஸ்50-இன் ஏழு வேக இரட்டை கிளட்ச் கியர்பெட்டி நெடுஞ்சாலையில் விரைவாகச் செயல்படும்; ஆனால் அது நுட்பமான அமைப்பு, எல்லாப் பட்டறைகளும் தொட்டுவிட முடியாது. டபிள்யூஆர்-வியின் இயந்திரம் மூன்றில் எளிமையானது. அத்திவாவின் இயந்திரம் சிறியது, பெரோடுவா சேவை மையங்கள் சிறு பட்டணங்களிலும் உண்டு. தோட்டத்திலிருந்து சேவை மையத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதும் காரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பகுதிதான்.

சேவைக்கு வழக்கமான கெடு 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முன்னே வருகிறதோ அது. சேவைப் பதிவு விட்டுப்போனால் உத்தரவாதக் கோரிக்கை சிக்கலாகிவிடும்.

மாதச் செலவு மொத்தம் எவ்வளவு?

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் குடும்பம் என்று கொள்வோம். அத்திவா லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 100 லிட்டர் தேவை. எக்ஸ்50 லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 125 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில், முதல் காருக்கு 199 ரிங்கிட், இரண்டாவதற்கு சுமார் 249 ரிங்கிட்.

சாலை வரியைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. 1,000 சிசிக்குள் வரும் அத்திவாவுக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட், 1.5 லிட்டர் கார்களுக்கு நூறு ரிங்கிட் அளவில் வரும். காப்புறுதிதான் பெரிய செலவு. விலை கூடிய காருக்குக் காப்புறுதியும் கூடும். பழைய காரில் சேர்த்து வைத்த இழப்பீடு கோராமைக் கழிவு 55 விழுக்காடு வரை இருக்கலாம். அதே உரிமையாளர் பெயரில் புதிய காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். மகன் ஓட்டப்போகும் காரை அப்பா பெயரில் பதிவதா, மகன் பெயரில் பதிவதா என்று முடிவெடுக்கும் முன் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காப்புறுதி, சேவை, டயர் ஆகியவற்றுக்காக அத்திவாவுக்கு மாதம் 250 ரிங்கிட்டும், எக்ஸ்50-க்கு 300 ரிங்கிட்டும் ஒதுக்கி வைத்தால், 9 ஆண்டுத் தவணையோடு சேர்த்து மொத்தம் முறையே சுமார் 1,160 ரிங்கிட், 1,500 ரிங்கிட்.

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கணவன் மனைவி இருவரும் அந்தச் சம்பளத்தில் இருந்தால், சேமநிதி போக கைக்கு வருவது 3,000 ரிங்கிட் அளவுதான். அத்திவா அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் பாதியைத் தின்றுவிடும். பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வீட்டு வாடகையும் மிச்சப் பாதியில்தான் அடங்க வேண்டும்.

சாலையும் சுமையும்

எஸ்.யு.வி. என்ற பெயரைக் கேட்டு, இவை சேற்றில் ஏறும் வண்டிகள் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த மூன்றும் முன்சக்கர இயக்கம் கொண்டவை. மழை பெய்த செம்பனைத் தோட்டச் சரிவில் சக்கரம் வழுக்கினால், சாதாரணக் காருக்கு நேர்வதுதான் இவற்றுக்கும் நேரும். கிடைக்கும் நன்மை உயரம் மட்டுமே. தரை இடைவெளி அத்திவாவில் 200 மில்லிமீட்டர், டபிள்யூஆர்-வியில் 220 மில்லிமீட்டர். பள்ளம், உயரமான வேகத்தடை, சாலையில் தேங்கும் நீர் ஆகியவற்றைக் கடக்க அது உதவும்.

அகலத்தில் அத்திவா 1,710 மில்லிமீட்டர், டபிள்யூஆர்-வி 1,780, எக்ஸ்50 1,800. அடுக்குமாடி வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலும் கோயில் திருவிழா நெரிசலிலும் அத்திவாவைத் திருப்புவது எளிது. அதே காரணத்தால், பின்னிருக்கையில் மூன்று பெரியவர்கள் அமர்ந்தால் தோள் இடிக்கும். 2020 ஜனவரி முதல் குழந்தை இருக்கை கட்டாயம். ஒரு குழந்தை இருக்கையைப் பொருத்திவிட்டு, பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் உட்கார முடிகிறதா என்று குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிடுவதே சரி.

பின்பெட்டியின் கொள்ளளவில் பெரிய கார் வெல்லவில்லை. டபிள்யூஆர்-வி 380 லிட்டர், அத்திவா 369 லிட்டர், எக்ஸ்50 330 லிட்டர். தீபாவளிக்கு ஊர் திரும்பும் பைகளும் சமையல் எரிவாயு தோம்பும் ஏற்றுவோருக்கு இந்த எண்கள் முக்கியம்.

ஐந்து பேரோடு காராக் நெடுஞ்சாலையிலோ தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கோ ஏறும்போது அத்திவா சத்தம் போட்டுத்தான் ஏறும், ஆனால் ஏறும். அடிக்கடி முழுச் சுமையோடு நெடுந்தூரம் போவோருக்கு எக்ஸ்50-இன் வலு உண்மையான நிம்மதி.

பாதுகாப்பு

அத்திவாவும் எக்ஸ்50-உம் ஆசியான் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றவை. அத்திவாவில் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகளும் தானியங்கி அவசரப் பிரேக்கும் உண்டு. விலை குறைந்த வகைக்கும் அதைக் கொடுத்ததுதான் இந்தக் காரின் பெரிய பலம். பழைய எக்ஸ்50-ஐ மறுவிற்பனையில் வாங்க நினைப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2025-க்கு முந்தைய காரில் தானியங்கி அவசரப் பிரேக், விலை உயர்ந்த ஃபிளாக்‌ஷிப் வகையில் மட்டுமே இருந்தது. வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல.

தவணை தவறினால்

வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு மாதத் தவணை தவறினால் வங்கி 21 நாள் அறிவிக்கை அனுப்பி, பின்னர் காரைப் பறிமுதல் செய்யலாம். காரின் விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். கார் போனதோடு கடன் போய்விடாது. ஏலத்தில் வந்த தொகை போதாவிட்டால், மீதியைக் கடன் வாங்கியவர்தான் கட்ட வேண்டும். ஜாமீன் போட்டவரையும் வங்கி தேடி வரும்.

நம் குடும்பங்களில் தங்கை கணவருக்காகவும் நண்பருக்காகவும் தன் பெயரில் கார் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. காரை யார் ஓட்டினாலும், சட்டத்தின் பார்வையில் கடன்காரர் கையெழுத்திட்டவர்தான். தவணை கட்டச் சிரமம் வந்தால் அறிவிக்கை வரும்வரை காத்திராமல் வங்கியிடம் பேச வேண்டும். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் கடன் ஆலோசனையை இலவசமாக வழங்குகிறது.

யாருக்கு எது பொருந்தும்?

அத்திவா: இரண்டு சாதாரணச் சம்பளத்தில் வாழும், நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு. பட்டணத்திலும் தோட்டச் சாலையிலும் ஓடும். விலை, பாதுகாப்பு, பராமரிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

எக்ஸ்50: வாரந்தோறும் நெடுந்தூரம் போவோருக்கு, 7 ஆண்டுக்குள் கடனை முடிக்க முடிந்தவர்களுக்கு.

டபிள்யூஆர்-வி: ஒரே காரை 10 ஆண்டுக்கு மேல் வைத்திருப்போருக்கு, சிக்கலில்லாத இயந்திரம் விரும்புவோருக்கு, ஹோண்டா சேவை மையம் அருகில் உள்ளவர்களுக்கு.

மூன்றும் கைக்கு எட்டாவிட்டால் தலைகுனிய வேண்டியதில்லை. 50,000 ரிங்கிட்டுக்குக் கீழ் தொடங்கும் மைவி இருக்கிறது. 508 லிட்டர் பின்பெட்டியோடு பெஸ்ஸா இருக்கிறது. சுமை ஏற்றுவதில் அது இந்த மூன்று எஸ்.யு.வி.களையும் மிஞ்சும்.

முன்பதிவுப் பணம் கட்டுவதற்கு முன், ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கார் வந்துவிட்டதாக நினைத்து, தவணையும் எண்ணெய்ச் செலவும் சேர்ந்த தொகையை மூன்று மாதம் தனிக் கணக்கில் போட்டு வர வேண்டும். அந்தப் பணத்தில் கை வைக்காமல் மூன்று மாதமும் கடந்துவிட்டால் அந்தக் கார் அந்த வீட்டுக்குத் தாங்கும். சேர்ந்த பணம் முன்பணத்துக்கும் உதவும். இரண்டாம் மாதமே எடுக்க நேர்ந்தால், ஒரு படி சிறிய காரைப் பார்ப்பதே குடும்பத்துக்கு நல்லது.