“மே” என்னும் வினைச்சொல்

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு நெருங்கிய தொடர்புடையது “மே” என்னும் ஆங்கில வினை. பழைய ஆங்கிலத்தில் அஃது ஆற்றலுடைமையைக் குறித்தது. வலிமை எனப் பொருள்படும் “மைட்” அதன் உறவுச் சொல். இசைவு, ஐயம் என்னும் பொருள்கள் பின்னர் வலுப்பெற்றன. மாரெட்பள்ளித் தெருக்களில் நாம் கேட்கும் தெலுங்குச் “சேயவச்சு” வருதல் வினையிலும், நமது “செய்யலாம்” ஆதல் வினையிலும் பிறந்தவை. எனினும் இசைவு, ஐயம் இரண்டையும் அவையும் சுமக்கின்றன.

1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், 1965க்குப் பின்னும் ஆங்கிலம் தொடர“லாம்” என்றது. அதனை “வேண்டும்” என மாற்றுமாறு மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா கேட்டார். 1967ஆம் ஆண்டுத் திருத்தம் “லாம்” என்பதை நீக்கவில்லை. ஆனால் இந்தியை ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு கொள்ளும் தொடர்புக்கு ஆங்கிலம் பயன்பட “வேண்டும்” என்றது. அம்மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும், பின்னர் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானித்தாலன்றி இவ்வேற்பாடு நீங்காது என்றும் அரண் செய்தது.

சொல் நெகிழ்ந்திருப்பினும், அதனைச் சூழ்ந்த வாசகம் உறுதி தரக்கூடும். ஆதலின், சட்டத்தை மொழிபெயர்ப்போர் ஒரு விகுதியையும் எளிதாகக் கருதலாகாது.