கூண்டில் நிற்கும் சிப்பாய்க்காக யார் பேசுவது?



பட்டாளத்துக்குப் போன ஒருவராவது இல்லாத சேரி நம் மாவட்டங்களில் குறைவு. ஊரைவிட்டு வெளியேற நம் முன்னோருக்குத் திறந்திருந்த சில கதவுகளில் ராணுவமும் ஒன்று. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அந்தச் சம்பளமும் ராணுவப் பள்ளிக் கல்வியும் இல்லாமல் அந்தக் குடும்பத்தின் கதையை எழுத முடியாது. பட்டாளத்துக்காரர் விடுப்பில் வரும்போது கொண்டுவரும் பெட்டியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவரையே குற்றவாளியாக நிறுத்தினால் அவருக்காக யார் பேசுவது என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. இந்த நினைவுச் சொற்பொழிவில் அதைப் பேச விரும்புகிறோம்.

இதற்கு நாங்கள் எடுத்துக்கொள்வது அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர்களின் வரலாறு. சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல என்பதை அறிவோம். ஆனால் 1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபையில் கறுப்பின மக்கள் வைத்த மனுவைக் கேட்டார். அவர்களுடைய ஆவணங்களிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்பதை நமக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான்.

முதலில் 1917, டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரம். அங்கே காவலுக்கு அனுப்பப்பட்ட 24ஆவது காலாட்படையின் கறுப்பின வீரர்கள் வெள்ளைக் காவலர்களால் அடிக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 23ஆம் தேதி இரவு அது மோதலாக வெடித்துப் பலர் இறந்தனர். முதல் விசாரணையில் 63 பேர் ஒன்றாக நிறுத்தப்பட்டார்கள். அத்தனை பேருக்கும் வாதாட ஒரே ஒரு அதிகாரி, மேஜர் ஹாரி கிரியர். அவர் சட்டம் கற்பித்தவர். ஆனால் வழக்கறிஞர் அல்ல. தயாராகக் கிடைத்தது சுமார் இரண்டு வாரம். டிசம்பர் 11ஆம் தேதி விடியுமுன் 13 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். மேல்முறையீட்டுக்கு வழியே தரப்படவில்லை. அவர்கள் செத்த பிறகுதான் தீர்ப்பே வெளியுலகுக்குத் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, சட்டப் பிரிவு பரிசீலிக்காமல் மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்ற விதியை 1918இன் தொடக்கத்தில் ராணுவம் கொண்டுவந்தது. 13 உயிர்கள் போன பிறகு வந்த விதி அது.

ஹூஸ்டனில் வழக்கறிஞர் இல்லை என்பது பிரச்சினை. வழக்கறிஞர் இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு 27 ஆண்டுகள் கழித்துப் போர்ட் சிகாகோ பதில் சொன்னது.

போர்ட் சிகாகோ என்பது சிகாகோ நகரம் அல்ல. கலிபோர்னியாவில் கடற்படை குண்டுகளைக் கப்பலேற்றிய துறைமுகம். அங்கே குண்டு சுமந்தவர்கள் கறுப்பினத்தவர், மேற்பார்த்த அதிகாரிகள் வெள்ளையர். வெடிமருந்தைக் கையாள முறையான பயிற்சி தரப்படவில்லை. எந்தப் பிரிவு அதிக டன் ஏற்றும் என்று அதிகாரிகள் பந்தயம் கட்டினார்கள். ஆபத்தான, இழிவாகக் கருதப்படும் வேலை யார் தலையில் விழும் என்பது பிறப்பால் முடிவாவதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1944 ஜூலை 17 இரவு இரண்டு கப்பல்களோடு துறையே வெடித்தது. 320 பேர் இறந்தார்கள். அவர்களில் 202 பேர் கறுப்பினத்தவர். சிதறிய உடல்களைப் பொறுக்கியவர்களும் உயிர் பிழைத்த கறுப்பின வீரர்களே. வெள்ளை அதிகாரிகளுக்கு விடுப்பு கிடைத்தது, இவர்களுக்குக் கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, மேர் தீவில் மீண்டும் குண்டு ஏற்றச் சொன்னார்கள். 258 பேர் மறுத்தார்கள். மற்ற எந்தக் கட்டளைக்கும் கீழ்ப்படிவோம், இந்த வேலையைச் செய்யப் பயமாக இருக்கிறது என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். போர்க்காலத்தில் கலகத்துக்கு மரண தண்டனை உண்டு என்று அட்மிரல் கார்ல்டன் ரைட் எச்சரித்த பிறகு பெரும்பாலோர் பணிந்தார்கள். பணிந்தும் 208 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 50 பேர்மீது கலகக் குற்றம் சுமத்தப்பட்டது. அந்த 50 பேரில் ஒருவருக்கு மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருந்தது.

இவர்களுக்கு வழக்கறிஞர் இருந்தார். கடற்படை அதிகாரி ஜெரால்டு வெல்ட்மன் தலைமையில் ஒரு குழு வாதாடியது. வெல்ட்மன் கடமை தவறியவர் அல்ல. கலகம் என்றால் மேலதிகாரத்தைக் கைப்பற்றவோ கவிழ்க்கவோ கூட்டாகத் திட்டமிடுவது, வேலை செய்ய மறுப்பது கலகமாகாது என்று அவர் வாதிட்டார். சரியான வாதம். நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஏன்? அந்த வாதத்தை எடைபோட்டவர்கள் கடற்படையின் மூத்த அதிகாரிகள். குற்றம் சுமத்தியதும் கடற்படை, வாதாடியவருக்குச் சம்பளமும் பதவி உயர்வும் தருவதும் கடற்படை. இன்னொன்றும் உண்டு. வழக்கறிஞர் வருவதற்கு முன்பே வீரர்களை அதிகாரிகள் தனித்தனியாக விசாரித்து, வாக்குமூலத்தைத் தங்கள் சொற்களில் எழுதிக்கொண்டார்கள். நாங்கள் இப்படிச் சொல்லவில்லை என்று பலர் நீதிமன்றத்தில் மறுத்தார்கள். ஆனால் ஒரு முறை எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான்.

விசாரணையின் நடுவில் தர்குட் மார்ஷல் வந்து சேர்ந்தார். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர் அவர். பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. விசாரணையில் வாதாட அவருக்கு இடமில்லை, பார்வையாளராக உட்கார்ந்தார். மாலையில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். உண்மையில் விசாரிக்கப்பட வேண்டியது கறுப்பினத்தவரைக் கடற்படை நடத்தும் முறை என்றார். ஆறு வாரம் நடந்த வழக்கில் 50 பேரின் தலையெழுத்தை முடிவுசெய்ய நீதிமன்றம் எடுத்துக்கொண்டது 80 நிமிடம். எல்லாருக்கும் 15 ஆண்டு. பிறகு 40 பேரின் தண்டனை ஓரளவு குறைக்கப்பட்டது. மேல்முறையீட்டை மார்ஷலே எழுதினார். செவிவழிச் சாட்சியத்தை விலக்கிவிட்டு மீண்டும் பரிசீலிக்கும்படி நீதிமன்றம் கேட்டுக்கொள்ளப்பட்டது. அதே நீதிமன்றம், அதே தீர்ப்பையே உறுதிசெய்தது. போர் முடிந்து 1946 ஜனவரியில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டபோதும் குற்றவாளிப் பட்டம் நீங்கவில்லை. அது நீங்கியது 2024 ஜூலை 17 அன்று, வெடிப்பின் 80ஆம் ஆண்டு நாளில். அவர்களில் எவரும் அப்போது உயிரோடு இல்லை. ஹூஸ்டன் வீரர்களின் தண்டனை ரத்தானதும் 2023இல்தான்.

இரண்டாம் உலகப் போரின் ராணுவ நீதிமன்றங்களைக் கண்டு கொதித்தவர்கள் கறுப்பினத்தவர் மட்டும் அல்லர். அதன் விளைவாக 1950இல் புதிய ராணுவ நீதிச் சட்டம் வந்தது. விசாரிக்குமுன் மௌன உரிமையைச் சொல்ல வேண்டும். பெரிய வழக்குகளில் தகுதிபெற்ற வழக்கறிஞர் வேண்டும். தளபதி நீதிமன்றத்தின்மீது செல்வாக்குச் செலுத்தக் கூடாது. மேல்முறையீட்டை ராணுவம் சாராத நீதிபதிகள் கேட்க வேண்டும். இந்த நான்கையும் போர்ட் சிகாகோவோடு ஒட்டிப் பாருங்கள். வழக்கறிஞரைத் தவிர மற்ற மூன்றும் அந்த 50 பேருக்கு மறுக்கப்பட்டவை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் ‘சம்மரி கோர்ட் மார்ஷல்’ என்ற சுருக்க விசாரணை உண்டு. அதில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். அவர் லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஓராண்டுவரை சிறை விதிக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு ‘நண்பர்’ துணையிருக்கலாம். அவர் ஆலோசனை சொல்லலாம், ஆனால் நீதிமன்றத்தை நோக்கிப் பேசவோ சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ முடியாது. இந்த விசாரணை அதிகாரிகளுக்குக் கிடையாது. சிப்பாய்களுக்கும் அவர்களை ஒட்டிய கீழ்ப்பதவியினருக்கும் மட்டுமே. நம் பிள்ளைகள் பெரும்பாலும் எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது எப்படி நடக்கும் என்பதற்கு ரஞ்சித் தாக்கூர் வழக்கு சாட்சி. அந்தச் சிப்பாய் தன் கமாண்டிங் ஆபீசர்மீது மேலிடத்துக்கு நேரடியாகப் புகார் அனுப்பியதற்காக 28 நாள் சிறையில் இருந்தார். சிறையில் சாப்பிட மறுத்தார் என்பது அடுத்த குற்றம். 1985 மே 29இல் மறுத்தார்; மறுநாளே விசாரணை; ஓராண்டுக் கடுங்காவல், வேலை நீக்கம். யார்மீது புகார் செய்தாரோ அவரே நீதி வழங்க உட்கார்ந்தவர்களில் ஒருவர். இவர் விசாரிக்க உனக்கு ஆட்சேபம் உண்டா என்று சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. 1987இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையையே ரத்து செய்தது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமில்லை என்றும் சொன்னது. அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். போக முடியாதவர்கள் வழக்கு இல்லாமலே வீடு திரும்பியிருப்பார்கள்.

ராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்மீது முறையான மேல்முறையீடு இல்லாததை உச்ச நீதிமன்றம் 1982லேயே குறையாகச் சுட்டியது. ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வர 2007வரை ஆனது. இன்று சென்னையிலும் அதன் அமர்வு இருக்கிறது.

தோழர்களே, வேலையிலிருந்து நீக்கப்பட்ட சிப்பாய் இழப்பது மாதச் சம்பளத்தை மட்டும் அல்ல. ஓய்வூதியம் போகிறது. ஊருக்குள் அவர் நிமிர்ந்து நடந்த நடை போகிறது. அவரைப் பார்த்து ஓடிப் பழகிய பையன்களின் கனவு போகிறது. ஒரு நண்பகலில், ஓர் அறைக்குள், ஒரே ஒரு அதிகாரி எழுதும் சில பக்கங்களால் இவ்வளவும் போகலாம்.

ஆகவே சட்டம் படிக்கும் மாணவர்களிடம் எங்கள் வேண்டுகோள் எளியது. ராணுவச் சட்டத்தையும் விதிகளையும் படியுங்கள். போர்முனைப் பணியில் இல்லாதவரைக் குற்றச்சாட்டு சொன்ன 96 மணி நேரத்துக்குள் விசாரணைக்கு நிறுத்தக் கூடாது என்பது விதி. விசாரணைப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குவது உரிமை. தண்டனைக்கு எதிராக மனுச் செய்ய 164ஆவது பிரிவு இருக்கிறது. தீர்ப்பாயத்தில் தனக்கு விருப்பமான வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். இவற்றை ஊரில் உள்ள குடும்பத்துக்குத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். பையனிடமிருந்து கலங்கிய குரலில் தொலைபேசி வரும்போது, எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே தம்பி என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

போர்ட் சிகாகோவில் மார்ஷல் வந்தபோது வாக்குமூலங்கள் எழுதி முடிந்திருந்தன. நாம் அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.