உல்லாசப் பயணிகளின் கணக்கு

1982ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 407,230 பேர். அதுவரை அந்தத் தீவு காணாத தொகை. அதே உயரத்தை மறுபடி எட்ட 1994 ஆயிற்று. அப்போதும் 281 பேரே அதிகம். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தேவைப்படலாம்.

காப்புறுதி நிறுவனங்களுக்குத் தரவுத்தளங்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழில். கையில் அகப்படும் எண்களை நிரலில் அடுக்கிப் பார்க்கும் பழக்கம் அதனால் வந்தது. சென்ற பனிக்காலத்தில் இலங்கைச் சுற்றுலாத்துறையின் ஆண்டு வருகை எண்களை 1966இலிருந்து ஒரு நிரலில் இட்டேன். பக்கத்து நிரலில் அந்தந்த ஆண்டு எங்கள் வீடுகளில் எதற்காக நினைவுகூரப்படுகிறது என்று எழுதினேன். சண்டை மூண்டால் பயணிகள் குறைவார்கள், ஓய்ந்தால் கூடுவார்கள், இதற்கு ஒரு நிரல் வேண்டுமா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு நிரல்களும் பல இடங்களில் பொருந்தவில்லை.

இலங்கையில் சுற்றுலா தானாக முளைத்த தொழில் அல்ல. 1966இல் சட்டம் இயற்றி இதற்கென ஒரு சபை அமைத்தார்கள். அந்த ஆண்டு வந்தவர்கள் 18,969 பேர். (எங்கள் ஊரில் அப்போது 'சுற்றுலாப் பயணி' என்று யாரும் சொல்வதில்லை. கமராவோடு வரும் வெள்ளைக்காரர் 'உல்லாசப் பயணி'. அந்தச் சொல்லில் ஒரு சின்னப் பொறாமை இருந்ததாக எனக்குப் படும்.) அடுத்த ஆண்டு அமெரிக்க ஆலோசனை நிறுவனம் ஒன்று பத்தாண்டுத் திட்டம் வரைந்து கொடுத்தது. கொழும்பு, தென்கடற்கரை, கிழக்குக் கடற்கரை, மலைநாடு, பண்டைய நகரங்கள் என்று ஐந்து வலயங்களை அது குறித்தது. யாழ்ப்பாணம் எந்த வலயத்திலும் இல்லை.

இதில் சதி எதையும் நான் காணவில்லை. ஐரோப்பியருக்கு இரண்டு வார விடுமுறை. கட்டுநாயக்கவில் இறங்கியவர் நீர்கொழும்பிலோ பெந்தோட்டையிலோ ஹிக்கடுவவிலோ படுத்துக் கிடந்துவிட்டு, இடையில் கண்டியையும் சிகிரியாவையும் பார்த்துத் திரும்புவார். கிழக்கைச் சேர்த்ததற்குக் காரணம் மழை. தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையை நனைக்கும் மாதங்களில் பாசிக்குடாவும் நிலாவெளியும் காய்ந்திருக்கும். அங்கும் விடுதிகள் இருந்தால் ஆண்டு முழுவதும் விமானங்களை நிரப்பலாம். எப்படியோ, முதலீட்டின் பெரும்பகுதி மேற்கிலும் தெற்கிலும் இறங்கியது. பின்னாளில் எண்ணிக்கை எதற்கு அசையும், எதற்கு அசையாது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

முதல் சோதனை 1971 ஏப்ரல் கிளர்ச்சி. தெற்கின் சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் மாண்ட ஆண்டு. வருகை 46,247இலிருந்து 39,654 ஆக இறங்கியது. மறு ஆண்டே 56,047. உல்லாசப் பயணியின் ஞாபகம் குட்டையானது என்று சபையில் இருந்தவர்கள் ஆறுதல் கொண்டிருக்கக்கூடும்.

1983 வேறு மாதிரி. அந்த ஆண்டு யூலையில் கொழும்பு எரிந்தபோது கடற்கரை விடுதிகளில் பயணிகள் இருந்தார்கள். அரசாங்கம் ஊரடங்கும் செய்தித் தணிக்கையும் போட்டது. ஆனால் கடற்கரையில் கிடந்தவர்களின் வாயை எந்தத் தணிக்கை அடைக்கும்? தமிழர் நிறைந்த மினிபஸ் ஒன்று கொழும்பு வீதியில் கொளுத்தப்பட்டதைக் கண்ட நோர்வேப் பெண் ஒருவர், ஊர் திரும்பியதும் பத்திரிகைக்குச் சொன்னார். இலண்டன் நாளிதழிலும் அது வந்தது. எங்கள் சாவுக்கு வெளியுலகில் கிடைத்த முதற் சாட்சிகளில் சிலர், வெயில் காய வந்தவர்கள். இந்த ஒன்றை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். 2009க்கு வரும்போது தேவைப்படும்.

அதன்பின் எண்கள் படிப்படியாகச் சரிந்தன. 1986 மே 3ஆம் திகதி, மாலைதீவு செல்லக் கட்டுநாயக்கவில் நின்ற எயர்லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பிரித்தானிய, பிரெஞ்சு, ஜேர்மன், யப்பானியப் பயணிகள் இருந்தார்கள். மறு ஆண்டு வருகை 182,620. ஐந்தாண்டில் பாதிக்கும் கீழே. அங்கேயே மூன்று ஆண்டு கிடந்தது, ஏனெனில் தெற்கில் ஜே.வி.பி.யின் இரண்டாம் கிளர்ச்சியும் அதை அடக்கிய அரச படுகொலைகளும் நடந்துகொண்டிருந்தன. ஜேர்மன் மொழி பேசப் பழகிய வழிகாட்டிகள், பத்திக் துணி விற்றவர்கள், விடுதிச் சமையற்காரர் எல்லோரும் வேறு பிழைப்புத் தேடினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர், சிலர் முஸ்லிம்கள். கலவரத்தைத் திட்டமிட்டவர்கள் யாரும் அந்தச் சமையற்காரரின் சம்பளத்தைக் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்கள்.

இனித்தான் நிரல்கள் முரண்படத் தொடங்குகின்றன.

1990இல் வருகை 184,732இலிருந்து 297,888 ஆக உயர்ந்தது. ஒரே ஆண்டில் 61 வீத வளர்ச்சி. பக்கத்து நிரலில் நான் எழுதியிருப்பது: யூனில் இரண்டாம் ஈழப்போர். வலிகாமம் வடக்கில் இடப்பெயர்வு. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்றவர்களின் படுகொலை. செப்டெம்பரில் மட்டக்களப்பு சத்துருக்கொண்டான். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றியது. தீவின் வடக்கும் கிழக்கும் அவ்வளவு இரத்தம் கண்ட ஆண்டுகள் அதற்கு முன் குறைவு. ஆனால் 1989 இறுதியில் தெற்கின் கிளர்ச்சி நசுக்கப்பட்டுவிட்டது. ஹிக்கடுவவில் மாலையில் நடக்கலாம். அது போதுமாயிருந்தது.

1995உம் அப்படித்தான். முந்தைய ஆண்டைவிட 4,410 பேர் மட்டுமே குறைவு, மொத்தம் 403,101. ஒரு வீதம். அந்த ஆண்டு ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. எனக்கு 13 வயது. செம்மணி வெளியில் மழைக்குள், அசையாத சனத்திரளில், அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்திப் பிடித்தபடி நின்றேன். இலட்சக்கணக்கானோரின் அந்த இரவு வருகை நிரலில் ஒரு கீறலும் போடவில்லை. மூன்று மாதம் கழித்து, 1996 யனவரி 31இல், புலிகள் கொழும்பு மத்திய வங்கியைத் தகர்த்தார்கள். ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு வருகை 302,265. நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. 1972இல்தான் முதல் விடுதியைத் திறந்த மாலைதீவு அந்த ஆண்டு இலங்கையை முந்தியது.

ஆக, 'அரசியல் கொந்தளிப்பு சுற்றுலாவைப் பாதிக்கும்' என்ற பொருளியலாளர் வாக்கியத்துக்கு ஒரு திருத்தம் வேண்டும். எந்த இடத்துக் கொந்தளிப்பு? விமான நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீற்றர்? இந்த நிரல் ஒரு நாட்டின் அமைதியை அளக்கவில்லை. கட்டுநாயக்கவுக்கும் காலிக்கும் இடைப்பட்ட கரையின் அச்சத்தை அளந்தது.

இதைப் புலிகளும் தெரிந்து வைத்திருந்தார்கள். 2001 யூலை 24, கறுப்பு யூலை நினைவு நாட்களில், விமான நிலையத்தையே தாக்கினார்கள். தேசிய விமான சேவையின் பல விமானங்கள் எரிந்தும் சேதமுற்றும் போயின. இலண்டனில் போர் அபாயக் காப்புறுதிக் கட்டணம் ஏறியது. விமானங்கள் மட்டுமன்றித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களும் அதற்குள் அகப்பட்டன. அந்த ஆண்டு, சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக, இலங்கைப் பொருளாதாரம் சுருங்கியது. டிசெம்பரில் ஆட்சி மாறியது, 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் கைச்சாத்தானது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. என் தொழில்புத்தி காப்புறுதிக்காரரின் பங்கைச் சற்றுக் கூடுதலாகவே மதிக்கிறது. செம்மணியில் நின்ற சனம் நகர்த்தாத ஒன்றை ஒரு கட்டணப் பட்டியல் கொஞ்சமாவது நகர்த்தியது என்பது எனக்கு இன்றும் கசப்பான விடயம்.

2003இல் வருகை முதன்முறையாக ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. ஏ9 வீதி திறந்திருந்த காலம். கனடா, பிரித்தானியா, சுவிஸ் கடவுச்சீட்டோடு ஊர் பார்க்க வந்த எங்கள் மாமாமார், சித்திமார் எல்லோரும் அந்தக் கணக்கில் அந்தந்த நாட்டு உல்லாசப் பயணிகள்.

2009க்கு வருவோம். 2008இல் 438,475, 2009இல் 447,890. கூடியிருக்கிறது. முதற்பாதியில் இறங்கி, மே மாதத்துக்குப் பின் ஏறி, ஆண்டு முடிவில் 9,415 பேர் அதிகம். அதே ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு பின்னர் சொன்னது. முள்ளிவாய்க்காலில் உல்லாசப் பயணி எவரும் இல்லை, ஐ.நா. பணியாளர்களே முந்தைய செப்டெம்பரில் கிளிநொச்சியை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். 1983இல் ஒரு நோர்வேப் பெண் தற்செயலாகச் செய்ததைச் செய்ய அங்கே ஒருவரும் இருக்கவில்லை. 2010 யனவரியில் நியூயோர்க் ரைம்ஸ் அந்த ஆண்டு போகவேண்டிய 31 இடங்களைப் பட்டியலிட்டது. முதலிடம் இலங்கைக்கு. மெனிக் பாம் முகாமில் அப்போதும் பல்லாயிரம் பேர் இருந்தார்கள்.

2012இல் வருகை பத்து இலட்சத்தைத் தாண்டி 1,005,605 ஆனது. அதில் ஒருவன் நான், பிரித்தானியர் நிரலில். ஆனையிறவு வெற்றிச் சின்னத்தடியில் தெற்கிலிருந்து வந்த பஸ்கள் வரிசையாக நின்றன. குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. முப்பது ஆண்டுகளாகப் போகமுடியாத தங்கள் நாட்டின் பாதியைப் பார்க்க வந்தவர்கள். கோபம் அவர்களுக்கு எதைக் காட்டவேண்டும் என்று முடிவெடுத்தவர்கள்மீது. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டையும் காட்சிக்கு விட்டிருந்தார்கள். மறு ஆண்டு அதை இராணுவமே வெடிவைத்துத் தகர்த்தது.

2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் தேவாலயங்களோடு கொழும்பின் மூன்று ஆடம்பர விடுதிகளுக்குள்ளும் வெடித்தன. 2018 மேயில் 129,466 ஆக இருந்த வருகை 2019 மேயில் 37,802. பின்னர் கொரோனா, பின்னர் டொலர் இல்லாத 2022. பெற்றோல் வரிசையில் நின்ற ஓட்டோச் சாரதிகளைக் கேட்டால், இந்த நிரலை என்னைவிட நன்றாக வாசித்துக் காட்டுவார்கள்.

காங்கேசன்துறையில் கடலைப் பார்த்தபடி தல்செவன என்றொரு விடுதி இருக்கிறது. இராணுவம் நடத்துகிறது. சுற்றுவட்டாரத்துக் காணிக்காரர் 1990இல், வருகை 61 வீதம் உயர்ந்த அந்த ஆண்டில், ஓடிப்போனவர்கள். நான் போனபோது வாசலில் நின்ற சிப்பாய் பயல் மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டான், அறை வேண்டுமா, மதியச் சாப்பாடு மட்டுமா என்று. சாப்பாடு வேண்டாம், கடலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். விருந்தினருக்கு மட்டும்தான் கரை என்றான்.